வெயெக் இலக்கியத் தேர்வு: கவிதையிலிருந்து தொடங்குங்கள்

நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா, லைபீரியா ஆகிய ஐந்து நாடுகளிலும் பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகளுக்குத் தேர்வு வைப்பது மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வுக் கழகம். 1952-இல் தொடங்கியது, தலைமையகம் அக்ராவில். முழுப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. வெயெக் என்றால் போதும். அதில் 'லிட்டரேச்சர் இன் இங்கிலீஷ்' பாடத்தை லாகோஸில் ஒரு தனியார் பள்ளியில் பல வருடமாக நடத்துகிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை.

நம்மவர்களில் இங்குள்ள பள்ளியிலேயே பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் ஒரு பெண் "நான் சட்டம் படிக்கப்போறேன்" என்று கலைப்பிரிவு எடுத்துவிட்டால் வீட்டில் ஒரே பதற்றம். கணக்கு என்றால் அப்பா உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடுவார். எமெச்செட்டா, சோயின்கா மாதிரி நைஜீரிய எழுத்தாளர்கள், ஷேக்ஸ்பியர் என்றால் யாரிடம் போவது? இலக்கியத்தில் சி6-க்குக் (கிரெடிட் எனப்படும் தேர்ச்சியின் கடைசிப் படி) குறையாத மதிப்பு இல்லாமல் நைஜீரியப் பல்கலைக்கழகங்களில் சட்டப் படிப்புக்கு இடம் கிடையாது. அப்படிக் கேட்டு வருகிற பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் வினாத்தாளை ஒரு கடைக்காரரின் கண்ணோடு பாருங்கள். எங்கே எவ்வளவு மதிப்பெண் இருக்கிறது?

மொத்தம் மூன்று தாள், 200 மதிப்பெண். முதல் தாள் ஐம்பது அப்ஜெக்டிவ் கேள்விகள், ஒரு மணி நேரம், 50 மதிப்பெண். அதில் இருபது கேள்வி பொதுவான இலக்கிய அறிவு. ஐந்து, முன்பின் பார்த்திராத ஓர் உரைநடைப் பத்தியிலிருந்து. ஐந்து, பார்த்திராத ஒரு கவிதையிலிருந்து. மீதி இருபதும் ஷேக்ஸ்பியர். இரண்டாம் தாள் நாவல். ஆப்பிரிக்க நாவலில் ஒன்று, வெளிநாட்டு நாவலில் ஒன்று என்று இரண்டு கட்டுரை, ஒன்றேகால் மணி நேரம், 50 மதிப்பெண். மூன்றாம் தாளில் ஆப்பிரிக்க நாடகம், வெளிநாட்டு நாடகம், ஆப்பிரிக்கக் கவிதை, வெளிநாட்டுக் கவிதை என நான்கு கட்டுரை, இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண்.

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "எதற்கு அதிக நேரம் படிக்கிறீர்கள்?" என்று வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "ஷேக்ஸ்பியர் மா" என்பார்கள். ஷேக்ஸ்பியருக்குக் கட்டுரைக் கேள்வியே கிடையாது. அவருக்கு உள்ளது 200-இல் 20. பன்னிரண்டு கவிதைகளோ எல்லாம் சேர்த்து ஒரு மெல்லிய நோட்டுக்குள் அடங்கிவிடும், அவற்றுக்கு 50. முந்நூறு பக்க நாவல் ஒன்றுக்கு 25, அரைப் பக்கக் கவிதை ஒன்றுக்கும் அதே 25. இந்தக் கணக்கு தெரிந்த பிறகும் கவிதையைக் கடைசிக்குத் தள்ளுகிற பிள்ளைகளை என்னவென்று சொல்ல?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாவலிலும் நாடகத்திலும் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு நூல்கள் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு கேள்வி வரும். நீங்கள் எழுத வேண்டியது பிரிவுக்கு ஒன்றுதான். ஆக, இரண்டில் ஒரு நூலை மட்டும் ஆழமாகப் படித்தாலும் கேள்வி நிச்சயம். கவிதை அப்படி இல்லை. பிரிவுக்கு ஆறு கவிதை, கேள்வி இரண்டே இரண்டு. நான்கு படித்துவிட்டு நிம்மதியாகப் போனால், படிக்காத அந்த இரண்டுமே கேள்வியாக வந்து உட்கார்ந்துகொள்ளலாம். ஐந்து படித்தால் தப்பலாம். ஆறும் படித்தால் பிடித்ததை எழுதலாம். நான் ஆறையும் படிக்கச் சொல்வேன். மேலே ஆசைப்படுகிறவர்களுக்கு நாவலையும் நாடகத்தையும்கூட இரண்டிரண்டாகப் படிக்கச் சொல்வேன். ஆனால் பிப்ரவரியில் வந்து, "மா, இன்னும் எதையும் தொடவில்லை" என்று நிற்கிற பிள்ளைக்குச் சொல்வது: பிரிவுக்கு ஒரு நூல், கவிதையில் ஐந்துக்குக் குறையாமல். தேர்வு மே, ஜூனில். முடியும்.

பட்டியல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். 2026 முதல் 2030 வரைக்கும் ஷேக்ஸ்பியரில் 'ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா', நாடகத்தில் 'தி மேரேஜ் ஆஃப் அனன்சேவா', 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்', நாவலில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்று புதிதாக வந்திருக்கின்றன. அக்கா படித்த புத்தகம் அலமாரியில் இருக்கிறதே என்று அதை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் உங்கள் வருடத்துப் பட்டியலைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் மட்டும் உதாரணங்களை 2021–2025 பட்டியலிலிருந்து எடுக்கிறேன். பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி செய்யும்போது உங்களுக்குக் கிடைக்கப்போவது அவைதாம்.

சரி, கவிதை.

நைஜீரியக் கவிஞர் நியி ஒசுண்டாரே 1947-இல் இகெரே-எகிட்டியில் பிறந்தவர். அவருடைய 'தி லீடர் அண்ட் தி லெட்' இரண்டிரண்டு வரிகளாக நடக்கிற கவிதை. காட்டில் தலைவன் யார் என்று போட்டி. சிங்கம் முன்னே வருகிறது. அதன் பாய்ச்சலை மான்கள் மறக்கவில்லை. கழுதைப்புலி, கிரீடம் எனக்கென்றே செய்தது என்கிறது. அதன் பசியை நினைத்து இம்பாலா மான்கள் நடுங்குகின்றன. ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் நிற்க ஆசை, ஆனால் அதன் கண் தரையிலிருந்து வெகு தூரத்தில். வரிக்குதிரையின் கோடுகளில் கூட்டத்துக்கு இரட்டை வேடம் தெரிகிறது. யானை வருகிறது, மிதித்துவிடுமே என்று பயம். காட்டுப்பன்றி அழகில்லை, காண்டாமிருகம் முரடு. தலையில்லாப் பாம்பு போலக் கூட்டம் அல்லாடுகிறது. அப்போது காட்டு ஞானி பேசுகிறார்: கொஞ்சம் சிங்கம், கொஞ்சம் ஆட்டுக்குட்டி, புலி போல உறுதி, பெண்மான் போல இரக்கம், ஆறு போலத் தெளிவு, ஏரி போல மர்மம். பின்தொடரத் தெரிந்த தலைவன், தலைமை தாங்கும் உரிமையை மறக்காத தொண்டர்கள்.

இதை முதல் நாள் உரக்க மூன்று முறை வாசியுங்கள். மனப்பாடம் செய்ய அல்ல, எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்க்க. இரண்டாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, எந்த விலங்குக்கு என்ன குறை என்று எழுதுங்கள். சிங்கமும் யானையும் சட்டென்று வரும், வரிக்குதிரை விட்டுப்போகும். எது விட்டுப்போகிறதோ அங்கே கவனம் குறைவு என்று அர்த்தம். மூன்றாம் நாள்தான் உவமை, உருவகம், மோனை எல்லாம்.

அணிகளைப் பொறுத்தவரை என் பிள்ளைகளிடம் நான் கறாராக ஒன்று சொல்வேன். "இந்த வரியில் சிமிலி இருக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் அசையாது. அந்த உவமை என்ன வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். தலையில்லாப் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் வலு இருக்கிறது, அசைவும் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பலம் குறைவில்லை, திசைதான் இல்லை என்பது ஒரே படத்தில் வந்துவிடுகிறது. மேலே பட்டியலிட்ட விலங்குகள் எல்லாம் பலசாலிகளாக இருந்தும் ஏன் தோற்றன என்பதோடு அது பொருந்துகிறது. இப்படி மூன்று வரி எழுதினால் அதுதான் விடை. அதே மாதிரி, ஞானி 'ஹைப்ரிட் ஆஃப் ஹாபிட்ஸ்' என்கிறபோது வருகிற ஹகர மோனை. 'மோனை உள்ளது' என்று நிறுத்தாமல், பல குணங்களைக் கலக்கச் சொல்கிற இடத்தில் சொற்களே ஒரே ஒலியில் கலந்து நிற்கின்றன என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்.

இந்தக் கவிதையைக் கண்டதும் நைஜீரிய அரசியலை இரண்டு பக்கத்துக்கு எழுதத் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் விலை, தேர்தல், கரன்ட் கட் எல்லாம் வந்துவிடும். கரன்ட் வந்ததும் தெருவே "அப் நேப்பா!" (நேப்பா, பழைய மின்வாரியத்தின் பெயர்) என்று கத்துகிற ஊரில் அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் விடைத்தாளில் அதற்கு ஒரு வாக்கியம்தான் இடம். விலங்குகள் மனிதத் தலைவர்களைக் குறிக்கின்றன, கவிதை முழுவதும் ஓர் அலிகரி (உருவகக் கதை) என்று சொல்லிவிட்டுக் காட்டுக்கே திரும்பிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கவிதைகளில் வடிவம் பேசும். டிலன் தாமஸின் 'டூ நாட் கோ ஜென்டில்' பத்தொன்பது வரி வில்லனெல். இரண்டு வரிகள் மாறி மாறித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். சாகக் கிடக்கும் அப்பாவிடம் மகன் திரும்பத் திரும்பக் கெஞ்சுவதற்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஹாப்கின்ஸின் 'பின்ஸி பாப்லர்ஸ்', ஆக்ஸ்ஃபோர்ட் அருகே 1879-இல் வெட்டப்பட்ட மரங்களைப் பற்றியது. வெட்டப்பட்டதைச் சொல்லும் சொல் அடுத்தடுத்து வந்து விழுவதைக் கோடரி வெட்டாகக் கேட்கலாம். ஜான் டன்னின் 'தி குட்-மாரோ' ஏழேழு வரியாக மூன்று பத்தி. காதலர் இருவரும் இரண்டு அரைக்கோளம் என்கிற இடத்தை விட்டுவிட்டு அந்தக் கவிதைக்கு விடை எழுதவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் இப்படி 'இதை விட்டால் விடையே இல்லை' என்கிற ஓரிடம் இருக்கும். ஆறு கவிதைக்கும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சிவப்பில் அடிக்கோடு போடுங்கள்.

அடுத்து நாடகம். இதில்தான் பிள்ளைகள் கதை சொல்லியே மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

வோலே சோயின்காவின் 'தி லயன் அண்ட் தி ஜூவல்' இபாதானில் 1959-இல் மேடையேறியது. சோயின்காவுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த இரண்டு வருடமும் தெரிந்தால் நல்லது, எழுதாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. கதை உங்களுக்குத் தெரியும்: இலுஜின்லே கிராமம், அழகி சிடி, அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பள்ளி ஆசிரியர் லகுன்லே, அதே ஆசையுள்ள ஊர்த்தலைவர், கிழச் சிங்கம் பரோக்கா, அவருடைய மூத்த மனைவி சடிக்கு. காலை, மதியம், இரவு என்று ஒரே நாளில் முடிந்துவிடும்.

கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'மணமகளுக்குப் பரிசம் தருவதை லகுன்லே எதிர்ப்பதை ஆராய்க.' வழக்கமான பிள்ளை எழுதுவது: "லகுன்லே ஓர் ஆசிரியர். அவர் சிடியைக் காதலிக்கிறார். சிடி தண்ணீர்க் குடத்தோடு வருகிறாள். அவர் குடத்தை வாங்குகிறார். சிடி பரிசம் கேட்கிறாள். அவர் மறுக்கிறார். பிறகு ஒரு புகைப்படக்காரர்…" இப்படியே நாடகத்தின் கடைசிவரை போகும். எல்லாம் சரி, எதுவும் பதில் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதாமல் கதையை ஒப்பிக்கிறார்கள் என்பது வெயெக்கின் தலைமைத் தேர்வாளர் அறிக்கைகளில் வருடா வருடம் வருகிற புலம்பல்.

என் வகுப்பில் இதை எப்படிச் செய்வோம் என்றால், முதலில் ஒரு நிலைப்பாடு எடுப்போம். 'எதிர்ப்பு கொள்கையில் தொடங்குகிறது. ஆனால் அதில் அவருடைய வசதியும் கலந்திருக்கிறது.' இதுதான் முதல் வாக்கியம். பிறகு நாடகத்துக்குள் போய்ச் சாட்சி தேடுவோம். சாட்சி ஒன்று: பரிசம் கேட்டதும் காட்டுமிராண்டித்தனம், பழசு, இழிவு என்கிற பொருளில் லகுன்லே அடுக்கிக்கொண்டே போகிறார், வார்த்தை தீர்ந்ததும், தன்னிடம் சின்ன அகராதிதான் இருக்கிறது, பெரியதற்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன் என்கிறார். கொள்கை அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்தது, வாழ்க்கையிலிருந்து இல்லை என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. சாட்சி இரண்டு: பெண்ணைச் சமமாக நடத்த வேண்டும் என்கிறவரே, பெண்ணின் மூளை சிறியது, என் புத்தகங்களில் இருக்கிறது என்றும் சொல்கிறார். சாட்சி மூன்று: பரிசம் தராமல் கட்டிக்கொண்டால், நான் கன்னி இல்லையோ என்று ஊர் பேசும் என்பது சிடியின் வாதம். அந்தப் பக்கத்து நியாயத்தையும் சோயின்கா விட்டுவிடவில்லை. சாட்சி நான்கு, இதுதான் முக்கியம்: கடைசியில் சிடி பரோக்காவிடம் போய்விட்டு வந்தது தெரிந்ததும், நான் அப்படியும் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகப் பேசுகிற லகுன்லே, நீ இனிமேல் கன்னி இல்லை என்பதால் பரிசத்தையே மறந்துவிடுவதுதானே நியாயம் என்கிறார். முதல் காட்சியில் சிடி சொன்ன ஊர்ப்பேச்சின் கணக்கையே இப்போது அவர் போடுகிறார்.

நான்கு சாட்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும், இரண்டாவது வாக்கியம் நாடகத்தில் அது எங்கே வருகிறது என்று சொல்ல வேண்டும், மூன்றாவது அதனால் என்ன என்று சொல்ல வேண்டும். முடிவில், சிடி போன சூட்டோடு இன்னொரு பெண் ஆடிக்கொண்டு வர லகுன்லே அவள் பின்னால் போவதை எழுதினால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும். 'ஆகவே மேற்கண்ட காரணங்களால்' என்று ஒரு பத்தி இழுக்க வேண்டாம்.

அம்மா அப்பா உதவக்கூடிய இடமும் இதுதான். உங்களுக்கு ஆங்கில இலக்கியம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சாப்பிடும்போது தமிழிலேயே கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடப்பது இது:

"அந்த வாத்தியார் ஏன்டா பரிசம் போட மாட்டேங்கிறான்?"

"அது காட்டுமிராண்டித்தனமாம்மா."

"அப்படீன்னு எங்க சொல்றான்?"

"முதல் சீன்ல."

"கடைசி வரைக்கும் அதையேதான் சொல்றானா?"

பையன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுக்கப் போய்விட்டான். இந்த மூன்று கேள்வியையும் எந்த நூலுக்கும் கேட்கலாம். ஏன், எங்கே, கடைசி வரைக்குமா.

நாவலுக்கு வழி கொஞ்சம் வேறு, ஏனென்றால் பக்கம் அதிகம். புச்சி எமெச்செட்டாவின் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' 1974-இல் வந்தது. முதல் வாசிப்பில் குறிப்பே எடுக்காதீர்கள், கதையாகவே படித்து முடியுங்கள். இரண்டாவது வாசிப்பில் ஒரு நோட்டை நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் என்ன நடந்தது, வலது பக்கம் அது எந்தப் பேச்சுக்கு உதவும் என்று எழுதுங்கள். சின்னப் பெண் ஆடா யாருக்கும் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று போலீஸ் அம்மாவைப் பிடித்து, தண்ணீரில் கரைத்த கரியைக் குடிக்க வைக்கிறது. கரி என்றால் அடுப்புக்கரி இல்லை, மரவள்ளிக்கிழங்கு மாவு; இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும். வலது பக்கம்: படிப்பின் மேல் அவளுக்கிருந்த வெறி, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள். இறைச்சி வாங்கக் கொடுத்த இரண்டு ஷில்லிங்கைத் தேர்வுக் கட்டணத்துக்காக ஒளித்துவைத்து அடி வாங்குகிறாள். வலது பக்கம்: மறுபடியும் படிப்பு, இந்த முறை அடி அவளுக்கே. வளர்ந்து கல்யாணமாகி லண்டன் போனதும், அங்கே 'கறுப்பர்களுக்கு வீடில்லை' என்கிற பலகைகள். வலது பக்கம்: நிறவெறி. ஆனால் அங்கேயே ஆடாவையும் கணவனையும் பொறாமையோடு பார்த்து வெளியேற்றப் பார்க்கிறவர்கள் சக நைஜீரியர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நல்ல விடை அங்கேதான் பிறக்கும்.

அப்புறம், கணவன் பிரான்சிஸ் ஆடாவின் நாவல் கையெழுத்துப் பிரதியை எரிக்கும் இடம். அந்தக் கையெழுத்துப் பிரதிக்கு அவள் வைத்த பெயர் 'தி பிரைட் பிரைஸ்'. எமெச்செட்டா அதே பெயரில் ஒரு நாவலை 1976-இல் வெளியிட்டார். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு கிளம்பும், எனக்குப் பிடித்த நிமிடம் அது. இந்த இடத்தில் ஒரு வருடம் பாதி வகுப்பு 'பிரான்சிஸ் அவளுடைய டைரியை எரித்தான்' என்று எழுதியிருந்தது. விசாரித்தால் எல்லாரும் ஒரே நோட்ஸ் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோனார் உரை மாதிரி இங்கேயும் ஒவ்வொரு நூலுக்கும் மெல்லிய நோட்ஸ் புத்தகம் சந்தையில் கிடைக்கும். எல்லாம் மோசமில்லை, பாத்திரப் பட்டியலுக்கும் அத்தியாயச் சுருக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூல நூலைப் படித்த பிறகு மட்டும். விடைத்தாள் திருத்துகிறவர் 'டைரி' என்கிற ஒரு சொல்லைப் பார்த்ததுமே இந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்வார். 'எக்ஸ்போ' என்று தேர்வுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் காசுக்குச் சுற்றுகிற கேள்விகளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கிவிடலாம் என்பதைத் தவிர.

ஷேக்ஸ்பியருக்கு இருபது அப்ஜெக்டிவ். நாடகத்திலிருந்து சில வரிகளை எடுத்துக் கொடுத்து, யார் சொன்னது, யாரிடம், எங்கே, இதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, உடனே அடுத்து என்ன நடக்கும், எந்த அணி என்று கேட்பார்கள். அவ்வளவுதான். கருத்து, விமர்சனம் எதுவும் வேண்டாம். ஆகவே காட்சிக்கு ஒரு வரி வீதம் அட்டவணை போடுங்கள்: இடம், மேடையில் யார், கடைசியில் என்ன. 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் எல்லாக் குழப்பமும் ஒரு பூச்சாற்றால் வருவது; தூங்குகிறவர் கண்ணில் விட்டால், விழித்ததும் முதலில் பார்ப்பவர் மேல் காதல் வந்துவிடும். எந்தக் காட்சியில், யார், யார் கண்ணில் போட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று நான்கு கட்டம் போட்டால் பாதி கேள்விகள் தீர்ந்துவிடும். காதலன் லைசாண்டருக்கு பக் என்கிற குட்டித் தேவதை தவறாகப் போடுகிறது, பிறகு எடுத்தும் விடுகிறது. தேவதைகளின் அரசி டைட்டானியாவுக்கு அரசன் ஓபரான் போட்டு ஓபரானே எடுக்கிறார். இன்னொரு காதலன் டெமிட்ரியஸ் கண்ணில் போட்டது கடைசி வரை எடுக்கப்படுவதே இல்லை. கட்டத்தில் அந்த இடம் காலியாக நிற்பதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. 'ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா' எழுதப்போகிறவர்களுக்கு இந்த அட்டவணை இன்னும் அவசியம். நாற்பதுக்கும் மேல் காட்சிகள், ரோமுக்கும் அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ரோம், ஒரு பக்கம் எகிப்து என்று இரண்டு நிறத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தாளின் பொதுவான இலக்கிய அறிவுக் கேள்வி இருபதுக்கு, ஐரனி, சோலிலக்வி, ஆக்ஸிமோரான், பாரடாக்ஸ், கதார்சிஸ் என்கிற சொற்களை விளக்கத்தோடு உருப்போடுவது வீண் வேலை. ஒவ்வொன்றையும் நீங்கள் படித்த நூலில் ஓர் இடத்தோடு முடிச்சுப் போடுங்கள். டிரமாட்டிக் ஐரனி என்றால் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் கழுதைத் தலை முளைத்தது தெரியாமலே நெசவாளி பாட்டம், இவர்கள் என்னைக் கழுதையாக்கப் பார்க்கிறார்கள் என்று கோபிக்கிற இடம். சோலிலக்வி என்றால் அதே நாடகத்தில் முதல் காட்சியின் முடிவில் ஹெலெனா தனியாக நின்று பேசுவது. நாடகத்துக்குள் நாடகம் என்றால் சிடியின் கூட்டம் வழிதவறிய வெளியூர்க்காரனை ஆடிக் காட்டுவது. முன்பின் பார்த்திராத கவிதைக்குத் தனியாகப் படிக்க ஒன்றும் இல்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து வாரம் ஒன்று போட்டுப் பாருங்கள். கேள்வியை முதலில் படித்துவிட்டுக் கவிதைக்குப் போவது நல்லது.

தேர்வு அறையில் நேரம். இரண்டாம் தாளில் 75 நிமிடத்துக்கு இரண்டு கட்டுரை, மூன்றாம் தாளில் 150 நிமிடத்துக்கு நான்கு. எப்படிப் பார்த்தாலும் ஒரு கட்டுரைக்கு 35 நிமிடம், கொஞ்சம் மிச்சம் இருக்கும். வீட்டில் எழுதிப் பழகும்போதே அலாரம் வைத்து 35-இல் நிறுத்திவிடுங்கள், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. லகுன்லேவைப் பற்றி ஆறு பக்கம் எழுதிவிட்டு, கடைசிக் கவிதைக்கு நான்கு வரியோடு எழுந்து வருகிறவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். முதல் கட்டுரையில் ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது, அதில் இன்னும் ஒரு பக்கம் கூட்டி வாங்கக்கூடியது ஒன்றோ இரண்டோ. தொடாத கட்டுரையில் மூன்று நல்ல பத்திக்குக் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு.

மூன்றாம் தாளில் எந்த வரிசையிலும் எழுதலாம். நான் கவிதை இரண்டையும் முதலில் எழுதச் சொல்வேன், வரிகள் மனதில் சூடாக இருக்கும்போதே. கேள்வி எண்ணை மட்டும் ஓரத்தில் தெளிவாகப் போடுங்கள், ஒரே பிரிவில் இரண்டு கேள்வி எழுதிவிடாதீர்கள். நூலின் பெயருக்கு அடிக்கோடு போடுங்கள். கதையை நிகழ்காலத்தில் எழுதுங்கள். எமெச்செட்டா, சோயின்கா, ஒசுண்டாரே மூன்று பெயருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலை முந்தின நாளே ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுங்கள். அப்ஜெக்டிவ் தாளுக்கு எச்பி பென்சில் இரண்டும் நல்ல அழிப்பானும் பையில் இருக்கட்டும். பேனாவால் நிரப்பாதீர்கள், இயந்திரம் படிக்காமல் போகலாம்.